தாயாகும் காலமும் செவிலியர் கோட்பாடுகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



தாய்சேய் நலத்தில் செவிலியர் கோட்பாடுகள் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஒவ்வொரு கோட்பாட்டையும் வரிசையாக எடுத்து அறிமுகம் செய்யும் வேலையைப் பாடநூல்கள் நன்றாகவே செய்கின்றன. ஆகவே நான் ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். நம்முடைய தாய்சேய் நலப் பணி பிரசவம் என்ற நிகழ்வைச் சுற்றிக் கட்டப்பட்டது. செவிலியர் கோட்பாடுகள் ஒரு பெண் தாயாகிவரும் காலத்தைக் கவனித்ததில் பிறந்தவை. நிகழ்வைக் காப்பதில் தமிழ்நாடு நெடுந்தூரம் வந்துவிட்டது. காலத்தைக் காப்பதில் பாதி வழிகூட வரவில்லை. அந்த மீதி வழியைக் கடக்க நமக்கு முதலில் வேண்டியது, தேர்வுத் தாளோடு நின்றுபோன இந்தக் கோட்பாடுகள் வார்டுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்வதுதான்.

1. வெற்றியும் அதன் எல்லையும்

இந்திய மாதிரிப் பதிவு அமைப்பின் கணக்குப்படி, 2004-06 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 111 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் அந்த எண் 54. நாடு முழுவதற்கும் அது 254-இலிருந்து 97 ஆனது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறை வைத்து இரவும் பகலும் பிரசவம் பார்க்கச் செய்தது, ஒவ்வொரு தாய் மரணத்தையும் பதிவு செய்து அது ஏன் நேர்ந்தது என்று விசாரித்தது, மகப்பேறு உதவித்தொகை, அவசர ஊர்தி என்று பல கைகள் சேர்ந்து செய்த வேலை இது. இதைச் செய்த செவிலியர்கள் பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களை வணங்கிவிட்டே மேலே செல்கிறேன்.

இனி இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. அதே ஆய்வில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் நம் கையில்தான் பிறக்கின்றன. ஆனால் ஐந்தில் இரண்டு குழந்தைகள் அந்த முதல் மணி நேரத்தில் தாயின் மார்புக்குப் போய்ச் சேரவில்லை. 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையில் முடிந்ததுதான் காரணம் என்று சொல்லலாம். அது பாதிக் காரணம்தான். முதுகுத்தண்டில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்த தாய் விழித்திருக்கிறாள். பக்கத்தில் ஒருவர் நின்று பிடித்துக்கொண்டால் அவளால் பால் கொடுக்க முடியும். அந்த ஒருவர் எங்கே என்பதுதான் கேள்வி. இங்கே குறைவது இடமும் கருவியும் மருந்தும் அல்ல. அந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்ற தெளிவு குறைகிறது. அதைத் தருவதற்காகவே கோட்பாடு இருக்கிறது.

2. கோட்பாடு எதற்கு?

கோட்பாடு என்றதும் நம் மாணவிகளுக்கு நினைவுக்கு வருவது முதுநிலை ஆய்வேட்டில் வரும் ஒரு பக்கம். பெட்டிகளும் அம்புக்குறிகளும் நிறைந்த ஒரு படம், கீழே ஒரு கோட்பாட்டாளரின் பெயர், பக்கத்தில் 'திருத்தியமைக்கப்பட்டது' என்ற குறிப்பு. ஆய்வின் முடிவுகளைப் பேசும் அத்தியாயத்துக்கு வரும்போது அந்தப் படம் மறைந்துவிடும். கோட்பாடு முடிவை விளக்கியதா, முடிவு கோட்பாட்டைத் திருத்தியதா என்ற பேச்சே அங்கு இருக்காது. மாணவியரை நான் குறை சொல்லவில்லை. அப்படித்தான் நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலிடம் கோட்பாடு வேறு மாதிரி வேலை செய்தது. காற்று, வெளிச்சம், சுத்தம், இடநெருக்கம் ஆகிய சூழலைச் சீர்செய்வதே செவிலியரின் முதல் கடமை என்று 1859-இல் அவர் எழுதினார். அவர் பெயரில் திரண்ட நிதியைக் கொண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பேறுகாலச் செவிலியர் பயிற்சிக்காக ஒரு வார்டு 1862-இல் தொடங்கப்பட்டது. பேறுகாலக் காய்ச்சலில் தாய்மார்கள் இறக்கத் தொடங்கியதும் 1867-இல் அது மூடப்பட்டது. அதோடு விடாமல், மகப்பேறு நிலையங்களில் நேர்ந்த தாய் மரணங்களையும் வீட்டுப் பிரசவ மரணங்களையும் கிடைத்த வரையில் திரட்டி ஒப்பிட்டு, நிலையங்களில் ஆபத்து அதிகம் என்று 1871-இல் ஒரு நூலே எழுதினார். நோய் எப்படித் தொற்றுகிறது என்பதில் அன்று அவருடைய விளக்கம் தவறானது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதில் அவர் தவறவில்லை. பார்வை சரியாக இருந்ததால் தம் பெயரில் அமைந்த வார்டுக்கு எதிரான முடிவையும் ஏற்க முடிந்தது. கோட்பாட்டுக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: பார்க்கத் தவறியதைப் பார்க்க வைக்க வேண்டும், பார்த்தது தன்னையே மறுத்தால் திருந்திக்கொள்ள வேண்டும்.

3. 'பச்சை உடம்பு' கேட்டுக்கொள்ளும் நேரம்

அமெரிக்கச் செவிலியர் ரேவா ரூபின் 1961-இல் பிள்ளை பெற்ற பெண்களை வார்டில் உட்கார்ந்து கவனித்து எழுதினார். முதல் ஓரிரு நாள் அவள் பிறரிடமிருந்து வாங்கிக்கொள்பவளாக இருக்கிறாள். பசி, தூக்கம், பட்ட வலியைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தீர்ப்பது, இவைதான் அப்போது அவள் தேவை. அடுத்து, குழந்தையைத் தன் கையில் எடுத்துச் செய்யத் துடிக்கும் கட்டம் வருகிறது. அதற்கும் பிறகு பழைய தன்னை மெல்ல விட்டுக்கொடுத்துப் புதிய வாழ்வில் நிலைகொள்கிறாள். பிற்கால ஆய்வுகளில் முதல் கட்டம் ரூபின் சொன்னதைவிடக் குறுகியதாகத் தெரிந்தது. வரிசையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. ஆனாலும் கற்பதற்கு அவளுக்கென்று ஒரு நேரம் உண்டு என்ற அடிப்படை நின்றது.

நம் வார்டைப் பாருங்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணி. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதியாகிவிட்டது, வெளியே ஆட்டோ நிற்கிறது, பில்லோ கையெழுத்தோ பாக்கி இருக்கிறது என்று கணவன் ஓடிக்கொண்டிருக்கிறான். செவிலியர் கட்டில் பக்கம் நின்று ஒரே மூச்சில் சொல்கிறார்: தையலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தொப்புளில் எதையும் தடவக் கூடாது, காய்ச்சலோ அதிக உதிரப்போக்கோ வந்தால் உடனே வர வேண்டும், நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசி. அவள் "சரிங்க சிஸ்டர்" என்கிறாள். அவள் கண் ஊசி கழற்றிய இடத்தில் ஒட்டிய பஞ்சில் இருக்கிறது. உண்மையில் கேட்டுக்கொண்டது அவளுடைய அம்மா. அதுவும் தமக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு பொருந்தியதை மட்டும். பதிவேட்டில் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதப்படுகிறது. அது பொய்யில்லை. சொன்னது உண்மை, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் கட்டம் நம் படிவத்தில் இல்லை.

ரூபினின் மாணவி ரமோனா மெர்சர் இந்தச் சிந்தனையை மேலும் வளர்த்தார். தாய்மைப் பொறுப்பைப் பெறுதல் என்று தாம் பயன்படுத்திவந்த பெயரையே 2004-இல் கைவிட்டு, தாயாகிவருதல் என்று மாற்றினார். பெற்று முடிப்பதற்கு அது ஒரு பட்டம் இல்லை, வாழ்நாள் முழுவதும் வளர்வது என்று அவருடைய ஆய்வுகளே அவருக்குக் காட்டின. கருவுற்ற காலத்து ஆயத்தம், முதல் சில வாரங்களின் பழக்கமும் உடல் தேறுதலும், பிறகு புதிய இயல்பை நோக்கிய நகர்வு என்று போய், ஏறத்தாழ நான்காம் மாதத்தில்தான் 'நான் இந்தப் பிள்ளையின் தாய்' என்ற உறுதி பலருக்கு வருகிறது என்கிறார் அவர். நம் பதிவேடு 42-ஆம் நாளில் தாயின் கணக்கை மூடுகிறது. அந்த 42 என்பது தாய் மரணத்தை வரையறுப்பதற்காக வைத்த எல்லை. அதையே கவனிப்பின் எல்லையாகவும் நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் 11 விழுக்காடு பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு கண்டது தெரியவந்தது. வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, ஆணை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, உடலுழைப்புக்குத் துணை இல்லாமை ஆகியவை காரணங்களாகத் தெரிந்தன. ஆறாம் வாரத்தில் நம் கணக்கு மூடுகிறது. இவர்களின் துன்பம் அப்போதுதான் தொடங்குகிறது.

4. எவ்வளவு செய்வது, எப்போது விலகுவது

டோரத்தியா ஓரெமின் தற்கவனிப்புக் கோட்பாட்டை நான் சுருக்கமாகவே தொடுகிறேன். ஒருவருக்கு எல்லாவற்றையும் செய்துகொடுப்பது, பாதி அவரும் பாதி நாமுமாகச் செய்வது, துணை நின்று கற்பிப்பது என்று செவிலியர் பணியை அவர் மூன்றாகப் பிரித்தார். அறுவைச் சிகிச்சையில் பிரசவித்த பெண்ணுக்கு இது அப்படியே பொருந்தும். முதல் நாள் அவளால் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாது. குழந்தையை மார்பில் வைத்துப் பிடிப்பது நம் வேலை. இரண்டாம் நாள் தலையணையை நாம் வைத்தால் பிள்ளையை அவள் பிடிப்பாள். மூன்றாம் நாள் அவள் செய்ய நாம் பார்க்க வேண்டும். நடப்பில் நடுக்கட்டம் காணாமல் போகிறது. எல்லாவற்றையும் செய்துகொடுத்துவிட்டு ஒரே நாளில் கைவிட்டுவிடுகிறோம். வீட்டுக்குப் போனதும் குளிப்பாட்டுவது பாட்டி, தாலாட்டுவது அத்தை, மருந்து கொடுப்பது அம்மா என்று ஆகி, தலைச்சன் பிள்ளையைப் பெற்றவள் பால் கொடுப்பதற்கு மட்டும் உரியவளாக நிற்கிறாள். பால் போதவில்லை என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் அந்த ஒன்றும் அவளிடமிருந்து போய்விடுகிறது.

5. சேனையும் பத்தியமும்

நம் சூழலில் மிகுந்த பயன் தரக்கூடியது மேடலின் லைனிங்கரின் பண்பாட்டுக் கவனிப்புக் கோட்பாடு என்பது என் கருத்து. 1950-களில் குழந்தைகளின் மனநலச் செவிலியராக இருந்தபோது, வெவ்வேறு பண்பாட்டுப் பிள்ளைகள் ஒரே கவனிப்புக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதைக் கண்டு அவர் மானுடவியல் படித்தார். நியூகினியின் மலைநாட்டுக் கட்சுப் மக்களிடையே தங்கி ஆய்வு செய்தார். மக்கள் வழக்கத்தைச் செவிலியர் மூன்று வகையில் அணுகலாம் என்பது அவர் வழி: காப்பது, பேசி இணங்குவது, மாற்றி அமைப்பது. நாம் வழக்கமாக மூன்றாவதை மட்டும் செய்கிறோம். அதையும் "இதெல்லாம் செய்யக் கூடாதும்மா" என்ற ஒரே வரியில்.

பால் சுரக்கப் பூண்டும் பால் சுறாப் புட்டும் கொடுப்பது, வெந்நீர் ஊற்றுவது, முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது, இவற்றைக் காக்க வேண்டும். பத்தியம் பேசி இணங்க வேண்டியது. தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருக்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைக்கும் வீடுகள் உண்டு. பத்தியம் கூடாது என்று சொன்னால் செவிலியர் தெருமுனை தாண்டும்வரைதான் அந்தப் பேச்சு நிற்கும். பத்தியத்துக்குள்ளேயே மிளகு ரசமும் கஞ்சியும் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரும் இருக்கின்றன. அவற்றை வேளைக்கு எத்தனை டம்ளர் என்று பாட்டியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டால் தாய்க்கு வேண்டிய நீர் போய்ச் சேரும். பாட்டியின் அதிகாரமும் குலையாது. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பதும், கல்லில் உரைத்த மருந்தைப் பிறந்த குழந்தைக்குப் புகட்டுவதும் மாற்றியே ஆக வேண்டியவை. இங்கே இணக்கத்துக்கு இடமில்லை. காரணத்தைச் சொல்லி, மாற்று வழியைக் கையால் செய்து காட்ட வேண்டும்.

சேனை வைப்பது இன்னும் நுட்பமானது. பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தால் அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. கிருமி வரும், சீம்பால் தாமதப்படும் என்று நாம் தடுக்கிறோம். தடுப்பது சரி. ஆனால் வீட்டாருக்கு இதில் முக்கியம் சர்க்கரைத் தண்ணீர் இல்லை, அந்தப் பெரியவரின் ஆசி. பிள்ளை முதலில் தாயின் மார்பில் சீம்பாலைக் குடிக்கட்டும், அதன் பிறகு அந்தப் பெரியவர்தான் முதலில் கையில் வாங்கிக் காதில் பெயர் சொல்லட்டும் என்று எட்டாம் மாதத்திலேயே பேசி வைத்தால் வழக்கத்தின் உயிர் தங்கும், ஆபத்து நீங்கும். பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு பேசினால் இது நடக்காது.

இதில் அமைப்பு சார்ந்த ஒரு சிக்கலும் இருக்கிறது. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகும்போது பெரும்பாலும் வேறொரு துணை சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் போகிறாள். அவளுடைய பதிவு எண் கூடவே போகிறது. அவளை ஆறு மாதம் அறிந்த கிராம சுகாதார செவிலியர் போவதில்லை. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு கணவன் வீடு திரும்பும்போது இன்னொரு முறை அந்த இழை அறுகிறது. எண்ணோடு சேர்ந்து ஒரு குறிப்பும் கைமாற வேண்டும்: இந்த வீட்டில் முடிவெடுப்பவர் யார், இவள் எதற்கு அஞ்சுகிறாள், எதைப் பேசி இணங்கியிருக்கிறோம். மருத்துவமனையில் டூட்டி மாறும்போது நோயாளியைச் சொல்லி ஒப்படைக்கிறோமே, அதைப் போல.

6. குழந்தையும் பேசுகிறது

கேத்ரின் பார்னார்டு, தாய் ஒரு பக்கம் குழந்தை ஒரு பக்கம் என்று பார்க்காமல், இருவருக்கும் இடையே நடப்பதை அளக்க முயன்றார். பால் கொடுக்கும் நேரத்தைக் கவனித்து மதிப்பிட அவர் குழு உருவாக்கிய அளவுகோலில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைக்குரியது: அது குறிப்புத் தெளிவாகக் காட்டுகிறதா, தாயின் செயலுக்குப் பதில் தருகிறதா? பசித்த குழந்தை முதலில் வாயைத் திறந்து தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடும். பிறகு கையை வாய்க்குக் கொண்டுபோகும். அழுகை கடைசியில்தான் வரும். அழத் தொடங்கிய பிறகு மார்பில் வைத்தால் பிள்ளை நிமிர்ந்து திமிறும், காம்பைப் பிடிக்காது. 'பால் பிடிக்க மாட்டேங்குது' என்ற முடிவு பெரும்பாலும் அங்கே பிறக்கிறது. அடுத்து புட்டி வருகிறது. ஒரு தாய்க்கு இந்தக் குறிப்புகளை அவள் பிள்ளையின் முகத்திலேயே காட்டிக்கொடுக்க ஒரு முழுப் பாலூட்டும் நேரம் செவிலியர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

எடை குறைந்த பிள்ளைகளுக்கு இந்த உறவு உயிர்ப் பிரச்சினை. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் இறுதியில் தொடங்கிய, குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை, பிறந்த உடனேயே தொடங்கினால் என்னவாகும் என்று இந்தியா உள்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். 1 முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட குழந்தைகளில், வழக்கமான முறையில் 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் 15.7 விழுக்காடு, பிறந்ததிலிருந்தே தாயின் மார்போடு இருந்தவர்களில் 12.0 விழுக்காடு. இதற்காகத் தீவிரப் பிரிவுக்குள் தாய்க்கும் கட்டில் போட வேண்டியிருந்தது. பார்வையாளர் நேரத்தில் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தவள் கவனிப்பவளாக உள்ளே வந்தாள். தாயையும் சேயையும் ஓர் அலகாகப் பார் என்று செவிலியர் கோட்பாடுகள் பல பத்தாண்டுகளாகச் சொன்னது இதைத்தான்.

7. மூன்று மறுப்புகள்

இவையெல்லாம் அமெரிக்கக் கோட்பாடுகள், நம் பெண்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பது முதல் மறுப்பு. நியாயமான மறுப்பு. ரூபின் கண்ட தாய் பெரும்பாலும் கணவனோடு தனிக்குடித்தனம் போகப்போகிறவள். நம் பெண்ணைச் சுற்றி ஒரு வீடே நிற்கிறது. ஆகவே அப்படியே எடுக்க முடியாது. நம் மொழியில் செவிலி என்ற சொல்லே நோயாளிக்குப் பணிவிடை செய்பவரைக் குறித்துத் தொடங்கவில்லை. சங்க அகப்பாடல்களில் செவிலி, தலைவியை வளர்த்த தாய்; பெற்ற நற்றாயோடு சேர்ந்து நிற்கும் இன்னொரு தாய். தாய்மையைப் பலர் பகிர்ந்து சுமக்கும் வீட்டைப் பற்றிய கோட்பாட்டை நாம்தான் எழுத வேண்டும். அதை எழுதுவதற்கும் மெர்சரும் லைனிங்கரும் கேட்ட கேள்விகளைத் தெரிந்திருக்க வேண்டும்.

கோட்பாடு பலன் தரும் என்பதற்கு நிரூபணம் எங்கே என்பது இரண்டாவது. ஒன்றைச் சொல்கிறேன், அதன் மறுபக்கத்தையும் சொல்கிறேன். அமெரிக்காவின் எல்மைராவில் 1970-களின் பிற்பகுதியில் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கிய ஆய்வில், ஏழை இளம் தாய்மாரைக் கருவுற்ற காலத்திலிருந்து பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை செவிலியர்கள் வீடு தேடிப் போய்ச் சந்தித்தார்கள். தாய்சேய் பிணைப்பு, சூழல், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஆகிய கோட்பாடுகளின் மேல் கட்டிய திட்டம் அது. பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தக் குடும்பங்களில் பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டதும் கவனிப்பாரற்று விடப்பட்டதும் குறைந்திருந்தன. டென்வரில் அதே திட்டத்தைச் செவிலியர்களைக் கொண்டும், செவிலியர் அல்லாத பணியாளர்களைக் கொண்டும் நடத்தியபோது செவிலியர்கள் தந்த பலனே அதிகம். ஆனால் இங்கிலாந்தில் அதே திட்டத்தைச் சோதித்து 2016-இல் வெளியிட்ட முடிவில், எதிர்பார்த்த முக்கியப் பலன்கள் கிடைக்கவில்லை. அங்கே வழக்கமான தாய்சேய் சேவையே ஓரளவு வலுவாக இருந்தது. எனவே கோட்பாட்டின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. நம் சேவையின் எந்த இடைவெளியை அது நிரப்புகிறது என்று நாமே அளந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு பணிச்சுமை. ஐயாயிரம் மக்களுக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது விதி. அவர் நாளில் பெரும்பகுதி பதிவேட்டிலும் கணினியிலும் போகிறது. இதற்கு என் பதில், வேலையைக் கூட்டாமல் மாற்றுவது. மூன்றாம் நாள் ஒரே மூச்சில் சொல்லும் பத்து அறிவுரைகளை மூன்று நாளுக்குப் பிரிப்பதால் நேரம் கூடாது. 2004 முதல் நம் அரசுப் பிரசவ அறைகளில் உடன்துணைக்கு இடம் உண்டு. பிரசவத்தின்போது தொடர்ந்து ஒருவர் உடனிருந்தால் அறுவைச் சிகிச்சையும் குறைகிறது, பிரசவ நேரமும் குறைகிறது என்று 26 சோதனைகளைத் திரட்டிய ஆய்வு 2017-இல் காட்டியது. உடன்வந்த அந்த அம்மாவையோ அக்காவையோ முதுகைத் தேய்த்துவிடவும் மூச்சு விடச் சொல்லவும் பழக்கிவிட்டால் செவிலியருக்கு இன்னும் இரண்டு கை கிடைக்கிறது. படிவங்களைக் குறைப்பதும் ஆள்களைக் கூட்டுவதும் அரசின் கடமை. அதைக் கேட்கும்போது 'எங்களால் முடியவில்லை' என்று மட்டும் கேட்காமல், 'ஒரு தாயோடு ஒரு பாலூட்டும் நேரம் உட்கார எங்களுக்கு இவ்வளவு நிமிடம் வேண்டும்' என்று கேட்கும் வலுவைக் கோட்பாடு தருகிறது.

8. எங்கிருந்து தொடங்குவது

பிள்ளைக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசிக்காக எப்படியும் தாய் வருகிறாள். மெர்சர் சொன்ன நான்காம் மாதம் இந்தப் பதினான்காம் வாரத்தை ஒட்டியே வருகிறது. மனச்சோர்வை அறிய உதவும் எடின்பரோ பத்துக் கேள்விப் பட்டியலுக்குச் சோதிக்கப்பட்ட தமிழ் வடிவம் இருக்கிறது. அன்றைக்கு ஊசி போடும் செவிலியர் பிள்ளையின் தொடையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே, "நீ தூங்குறியாம்மா? ராத்திரி பிள்ளை அழுதா யார் எந்திரிக்கிறது? எப்போ மாமியார் வீட்டுக்குப் போறே?" என்று கேட்கலாம். தடுப்பூசி அட்டையில் இன்று பிள்ளைக்கு மட்டும் கட்டங்கள் இருக்கின்றன. பதினான்காம் வாரத்தின் எதிரே தாய்க்கும் ஒரு கட்டம் போட வேண்டும். அவள் சொன்ன பதிலை அவள் சொற்களிலேயே எழுத அதில் இரண்டு வரி இடம் விட வேண்டும்.